டீம் இறக்கினவள்

எங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய சட்டை வேட்டிகளை எஸ்டேட் லயத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். செல்போனை மகள் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது அவருடைய சீட்டாட்ட டீம். மூன்று ஆம்பிளைகள். அவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் எஸ்டேட் ரோடு பிரிகிற இடத்தில் எனக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. அடக்கம் முடிந்த மறு வாரம் மூன்று பேரும் வந்து கடைக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜீப் ஓட்டுகிறவர். இன்னொருவர் பக்கத்து எஸ்டேட்டில் கங்காணி. மூன்றாமவர் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்ப்பவர். அவரை எல்லாரும் ஸ்டோர்க்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அடிமாலியில் அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது என்று கங்காணி சொன்னார். காசு வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. போய்விட்டு வாருங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படித்தான் டீம் இறக்குகிறவளாக ஆனேன்.

எங்கள் பக்கத்தில் அம்பத்தாறு என்றொரு சீட்டாட்டம் உண்டு. ஆறு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் விட்டு ஒருவர் ஒரே அணி. இரண்டு கட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சீட்டு, ஆளுக்கு எட்டு. ஆட்டம் தொடங்கும் முன்னால் ஏலம் கேட்பார்கள். ஆட்டின், ஸ்பேடு என்று சீட்டின் நாலு ஜாதியில் ஒன்றின் பெயரையும் ஒரு எண்ணையும் மட்டும்தான் சொல்லலாம். ஆட்டின் இருபத்தெட்டு, ஸ்பேடு இருபத்தொன்பது, இந்த மாதிரி. அந்த ஒரு சொல்லிலிருந்தே தன் கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்று மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணைச் சிமிட்டக் கூடாது, இருமக் கூடாது. சர்ச் ஹாலிலும் கிளப்பிலும் கல்யாண மண்டபத்திலும் பந்தல் போட்டு, கோப்பை வைத்து, பரிசு அறிவித்துப் போட்டி நடத்துவார்கள்.

ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். நுழைவுக் கட்டணம், வண்டி, சாப்பாடு, தங்குகிற இடம், போன நாட்களின் கூலி, இதெல்லாம் அவர்களால் ஆகாது. அதனால் பின்னால் ஒருவர் நிற்பார். தோற்றால் அவர் காசு போச்சு. ஜெயித்தால் பாதி அவருக்கு, பாதி ஆடினவர்களுக்கு. இந்தப் பின்னால் நிற்கிறவரைத்தான் டீம் இறக்குகிறவர் என்போம். எனக்குத் தெரிந்து அப்படி நின்ற பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

எதற்காகச் செய்தாய் என்று மகள் கேட்டிருக்கிறாள். லாபம் இல்லை, அது உறுதி. கடையை அடைத்துவிட்டு ஜீப்பில் ஏறி ஒரு ஊருக்குப் போவது பிடித்திருந்தது. பார்க்கிறவர்களைத் தடுத்துக் கட்டியிருக்கிற கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டோர்க்காரர் சீட்டை விரித்துப் பிடிக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்து, இவர் என்ன கேட்கப்போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து அதே சொல் வரும்போது நெஞ்சு படபடக்கும். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. வேறு எந்தப் பயமும் அந்த நாளில் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

ஸ்டோர்க்காரர் ஆடியது எங்கள் வீட்டுக்காரர் ஆடிய இடம். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் ரசப் பாத்திரத்தைக் காட்டி, "செருப்பு ஊத்து" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் வலது ஓரம் மட்டும் வரவில்லை. மலை இறங்கி, போடி தாண்டி, தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் சீட்டுப் பிடிக்க முடியவில்லை. ஸ்டோர்க்காரரைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் உட்கார்ந்து டீம் இறக்கினார். சாகும்வரை இறக்கினார்.

நான் சொல்ல வந்தது வாளையார் ரோட்டில் நடந்த போட்டியைப் பற்றி.

பாலக்காட்டிலிருந்து வாளையார் போகிற வழியில் ஒரு மண்டபம். கேரளம் முழுவதிலிருந்தும் டீம்கள் வந்திருந்தன. நாங்கள் போடி இறங்கி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக வாடகை வேனில் போனோம். முதல் நாள் எல்லா ஆட்டமும் ஜெயித்தோம். மறுநாள் காலை அரையிறுதி. எதிரில் பாலக்காட்டு டீம். அதை இறக்கியவர் ஒரு பாய். பூண்டு, வெங்காயம் மொத்த வியாபாரம். வட்டவடைப் பூண்டு அவர் கடைக்குத்தான் போகிறதாம். ஆட்டத்துக்கு முன்னால் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, தான் இறக்கிய பழைய டீம்களின் கதையெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் ஏலம் கேட்டால் எதிராளிக்குக் கை நடுங்கும் என்றார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் சேர்ந்து டீ குடித்ததை மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஆட்டம் நன்றாகப் போனது. நாங்கள் முன்னால் இருந்தோம். வெக்கை தாங்கவில்லை. மலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிற எங்களுக்கு அந்த ஊர்க் காற்று அடுப்பைத் திறந்தது மாதிரி இருந்தது. ஸ்டோர்க்காரர் அடிக்கடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப்காரர் ஆட்டின் இருபத்தெட்டு கேட்டார். எதிராளி ஸ்பேடு இருபத்தொன்பது என்றார். அடுத்தது ஸ்டோர்க்காரர். நான் அவருக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ஆட்டின் ஜாக்கி இரண்டும் இருந்தது, இந்த ஆட்டத்தில் அதுதான் பெரிய சீட்டு. ஆட்டின் முப்பது என்று சொல்லப்போகிறார் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"மூட்டை முப்பது" என்றார்.

மண்டபம் சிரித்தது. ஸ்டோரில் மூட்டை எண்ணுகிற மனிதர், பழக்கத்தில் வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். எதிர் டீமில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இது என்ன ஜாடை என்று நடுவரிடம் கேட்டார். நடுவர் மலையாளமும் தமிழும் கலந்து, ஜாதியும் எண்ணும் தவிர வேறு சொல் கூடாது, இன்னொரு தடவை சரியாகச் சொல்லுங்கள் என்றார். ஸ்டோர்க்காரர் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "முப்பது" என்று மட்டும் வந்தது. பிறகு, தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் வலது ஓரம் வரவில்லை.

என் உள்ளங்கால் குளிர்ந்துபோனது. அந்த வெக்கையில் குளிர்ந்தது. சீட்டைச் சரிசெய்ய வலது கையைக் கொண்டுபோனார். ஒரு சீட்டு நழுவி மேஜையில் மல்லாக்க விழுந்தது. அதை எடுக்க அவர் விரல்கள் மேஜையைச் சுரண்டின. கங்காணி முறைத்தார். நடுவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

கயிற்றைத் தாண்டினால் டீம் வெளியே போக வேண்டும். பார்க்கிறவர்கள் வாய் திறந்தாலும் அதே விதி. அது எனக்குத் தெரியும். நான் எழுந்தேன். கயிறு முட்டிக்கு மேல் இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

"ஆட்டத்தை நிறுத்துங்க சார். அவருக்கு முடியல."

நடுவர் எழுந்துவிட்டார். "சேச்சி, கயிறு தாண்டினா டீம் அவுட். தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். அதற்குள் ஸ்டோர்க்காரர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல மதினி. வெக்கைக்கு நாக்கு குழறிப்போச்சு. ஆட்டின் முப்பதுன்னுதான் சொல்ல வந்தேன்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. வாய் நேராக இருந்தது. விழுந்த சீட்டை வலது கையாலேயே எடுத்துச் செருகிக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் என் பயம் இரண்டாகப் பிரிந்தது. இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது ஒன்று. இவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பது இன்னொன்று. நான் பார்த்தது இவர் முகத்தையா, எங்கள் வீட்டுக்காரர் முகத்தையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். போய் உட்காருங்கள், ஜெயிக்கிற ஆட்டம், நடுவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். ஜீப்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடலாம், வாருங்கள் என்று ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டேன். இந்த ஆட்டம் முடியட்டும் என்றார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவர் சீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை. ஐந்தாறு வயது இளையவர்தான், ஆனாலும் நீங்கள், தம்பி என்றுதான் பேசுவேன்.

"என் காசுல வந்திருக்க" என்றேன். "நான் சொல்லுதேன். எந்திரி."

அவர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, விளிம்பு தட்டி, கவிழ்த்து வைத்தார். எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மனிதரை மாட்டைப் போல ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் நடந்தேன்.

எங்கள் வேன் டிரைவர் எங்கேயோ சாப்பிடப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தபோது பாய் பின்னாலேயே வந்தார்.

"வண்டி வெளிய நிக்குதுங்கம்மா, ஏறுங்க. ஆட்டம் கெடக்குது, ஆளப் பாக்கலாம்."

அவருடைய காரில் ஏறினோம். அதையும் யாரோ படம் பிடித்தார்கள்.

ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. செக்போஸ்ட் பக்கம் ஏதோ நெரிசல். இரண்டு பக்கமும் சிமென்ட் லாரி, நடுவில் எங்கள் கார் மூட்டைப்பூச்சி மாதிரி ஊர்ந்தது. பாய் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஸ்டோர்க்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பேசாமல் இருக்கிறாரா, பேச முடியாமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. அவருடைய வலது கை தொடையில் கிடந்தது. அதன் விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கார் குலுங்கும்போதெல்லாம் அவையும் குலுங்கின. அதனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர் பெண். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தூக்கினார். சிரிக்கச் சொன்னார், சிரித்தார். பேர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். ஸ்டோர்க்காரர் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார். இதெல்லாம் என்னத்துக்கு என்கிற குரலில் சொன்னார். டாக்டர் என்னைக் கேட்டபோது நான் பார்த்ததைச் சொன்னேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்றார். ஒரு ஏலம் கேட்கிற நேரம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாய் விளக்கினார். ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். ஆண்டவரே என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் நான் என்ன ஆவேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஜெயிக்கிற ஆட்டத்தை எதிர் டீம்காரர் காரில் ஏறிக் கலைத்துவிட்டுப் போனவள். ஒரு மனிதரின் மூளையில் ரத்தம் அடைத்திருக்க வேண்டும் என்று என் உள்ளே ஏதோ ஒன்று ஆசைப்படுகிறதோ என்று எனக்கே பயமாக இருந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

பாய் டீ வாங்கிவந்தார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய டீம் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இப்போது வர முடியாது என்று சொல்லிவிட்டுச் சத்தத்தை அணைத்தார். நீங்கள் போங்கள் பாய் என்றேன். தன் அண்ணனும் இப்படித்தான் கடையில் கணக்குச் சொல்லும்போது வாய் தவறி வேறெதையோ சொன்னதாகவும், அன்று யாரும் கவனிக்கவில்லை என்றும் சொன்னார்.

ஸ்டோர்க்காரரின் மனைவிக்கு போன் பண்ணினேன். ஏலக்காய்க் காட்டில் இருந்தார். காற்றில் குரல் சரியாகக் கேட்கவில்லை. நாக்குக் குழறியது, பரிசோதனைக்குக் கூட்டிவந்திருக்கிறேன் என்றேன். அவர் பேசுகிறாரா என்று கேட்டார். பேசுகிறார் என்றேன். சாப்பிட்டாரா என்று கேட்டார். காலையிலிருந்து அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் ஜீப்காரரும் கங்காணியும் வந்தார்கள். கங்காணி உட்காராமல் நின்றார். பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்டபத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். காலையில் டீ குடிக்கும்போதே பேசி முடித்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். சொன்னபிறகு, நான் நம்பவில்லை மதினி என்று சேர்த்துக்கொண்டார். நம்பாதவர் சொல்கிற மாதிரி அது இல்லை.

டாக்டர் வந்தார். ஸ்கேனில் ஒன்றும் காணவில்லை என்றார். எங்கள் நான்கு பேர் காதிலும் விழுந்தது அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகும் அவர் நிறையச் சொன்னார். சில சமயம் சின்ன அடைப்பு வந்து தானாகத் திறந்துவிடும், அப்போது ஸ்கேனில் தெரியாது, வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், கூட்டிவந்தது நல்லது, பிரஷர் அதிகமாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தவே கூடாது, இன்று இங்கே இருக்கட்டும். கங்காணி அதையெல்லாம் கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லன்னுதான சொல்லுறாங்க" என்று ஜீப்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் வேனில் ஊர் திரும்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி. போடி தாண்டி மலை ஏறும்போது ஸ்டோர்க்காரர் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் கயிறு தாண்டுகிற வீடியோ எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. வாட்ஸ்அப்பில் எல்லாரிடமும் இருந்தது. நான் சேலையைத் தூக்கிக்கொண்டு போகிறேன், அவர் எனக்கு ஒன்றும் இல்லை என்கிறார், நான் எந்திரி என்கிறேன். அப்புறம் பாயின் கார். என் மகளுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். இந்தச் சீட்டும் வேண்டாம், இந்த டீமும் வேண்டாம், திருப்பூரில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று போனில் அழுதாள். கடையில் ஆளில்லாதபோதெல்லாம் நான் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவர் நடுவர் பக்கம் திரும்பிச் சிரித்த இடம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. படம் பிடித்தவர் நான் எழுந்த பிறகுதான் போனைத் தூக்கியிருக்கிறார். அதில் இருக்கிற ஸ்டோர்க்காரர் வாய் நேராக, நல்ல தெளிவாகப் பேசுகிறார்.

சர்க்கரை வாங்க வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, பாய் எவ்வளவு கொடுத்தார் மதினி என்று கேட்டார். நான் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தேன். பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். கங்காணியும் ஜீப்காரரும் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வருஷத்தில் ஒரு தடவை வருகிற அரையிறுதி அது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாமல் இருந்தது வேறு. எல்லார் வாயையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ரொட்டி கொண்டுவருகிறவர் கொட்டாவி விட்டால் அவர் உதட்டைப் பார்ப்பேன். பால்காரர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் தராசைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று நானே சிரித்துப் பார்ப்பேன். இரண்டு ஓரமும் வருகிறதா என்று. பயந்து பயந்து சிரித்தால் எந்தச் சிரிப்பும் கோணலாகத்தான் தெரிகிறது.

ஸ்டோர்க்காரர் கடைப்பக்கம் வரவே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. மாட்டைப் போல ஓட்டிக்கொண்டு வந்தவள் எந்த முகத்தோடு கேட்பது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ஏலக்காய் வரத்து அதிகமாகி ஸ்டோர் ஓயாமல் ஓடுகிற காலம், அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். தீப்பெட்டி கேட்டார். கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"மதினி, அன்னைக்கு எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். போகும்போது பொள்ளாச்சியில் டீக்கடையில் வலது கை தன் கை மாதிரி இல்லாமல் போனதாம். தம்ளரை இடது கையில் பிடித்துக் குடித்தாராம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று காலை லாட்ஜில் மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. மேஜையில் உட்கார்ந்தபோது ஆட்டின் என்கிற சொல் அவர் தலைக்குள் இருந்ததாம். வாய் வேறு எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டது. தான் என்ன சொன்னோம் என்பதே ஜனங்கள் சிரித்த பிறகுதான் தெரிந்ததாம்.

"பின்ன ஏன் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க?" என்றேன்.

"அண்ணன் உக்காந்த எடம் மதினி. அதுல உக்காந்துக்கிட்டு எனக்கும் அதேதான் வருதுன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்ல? நீங்க வேற இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் பார்த்தது சரிதான். அந்த நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது. அப்படியானால் அவர் எந்த நேரமும் விழலாம் என்பது அடுத்த நொடி வந்தது. யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கங்காணிக்குத் தெரிந்தால் டீமில் சேர்க்கமாட்டார். ஸ்டோரில் தெரிந்தால் சூட்டில் வேலை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டாராம். தீர்ந்த பிறகு வாங்கவில்லை. இதை நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்.

ஊரில் என் பெயர் கெட்டுக் கிடந்தது. அதைச் சரிசெய்கிற ஒரே வார்த்தை அவரிடம் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளியே எடுக்காதே என்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் உங்கள் வீட்டில் இன்றைக்கே சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லாவிட்டால் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நான் வந்து சொல்லுவேன் என்றேன். அவர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு சாக்கைத் தலையில் போட்டார். பிறகு சரி என்று போனார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அவரைப் பூப்பாறைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. இவர் ஆட்டத்தை விடமாட்டார், கங்காணி போயிருக்கிற போடி வியாபாரியோடு போகிறேன் என்கிறார் என்றார். அங்கே போனால் வாய் கோணினாலும் ஆட்டம் முடிகிறவரை யாரும் எழுப்பமாட்டார்கள்.

"நீங்களே எறக்குங்க மதினி" என்றார். "நீங்க பின்னால உக்காந்திருந்தா நான் இங்க காட்டுல நிம்மதியா வேல பாப்பேன்."

முடியாது என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. இனிமேல் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் உட்கார என்னால் ஆகுமா என்றே தெரியவில்லை. என்றாலும் சரி என்றுதான் சொன்னேன். அந்த அம்மாவின் நிம்மதியும் சேர்ந்து என் தலையில் ஏறுகிறது என்பது வாயை மூடிய பிறகுதான் உறைத்தது.

வேறு இரண்டு பேரைச் சேர்த்து ஒரு டீம் ஆக்கினோம். தேவிகுளம் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் சின்னப் போட்டி. சிலர் என்னைப் பார்த்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் என் நாற்காலியை ஸ்டோர்க்காரரின் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அவர் கையில் என்ன சீட்டு இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் ஏலம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பார்த்தேன், பிறகு விரலைப் பார்த்தேன், பிறகுதான் மூச்சு விட்டேன். ஒரு தடவை அவர் யோசிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் திரும்பாமலே இடது கையை லேசாக உயர்த்தி, உட்காருங்கள் என்று காட்டினார். நடுவர் அதற்கு எச்சரிக்கை கொடுத்தார். இரண்டாவது சுற்றில் தோற்றுப்போனோம்.

வெளிச்சம் இருக்கும்போதே வாடகை ஜீப்பில் கிளம்பிவிட்டோம். பெரியகானல் வரும்போது மூடுபனி இறங்கிவிட்டது. டிரைவர் மெதுவாக ஓட்டினார். ஆனை ரோட்டில் நிற்கும் இடம் அது. ஸ்டோர்க்காரர் முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்திருந்தார். அவர் தூங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டேன்.

"ஆனையிறங்கல் வரப்போகுது மதினி."

கொஞ்ச தூரம் போனதும் நாளைக்கு ஸ்டோரில் வேலை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அடுத்த வளைவில், வீட்டில் இன்று என்ன குழம்பு என்று கேட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, அவரைத் தூங்க விடுங்கள் அக்கா, களைத்துப்போய் இருக்கிறார் என்றார். ஸ்டோர்க்காரர் கண்ணைத் திறக்காமல், பரவாயில்லை, மதினி கேட்கட்டும் என்றார். கருவாட்டுக் குழம்பு என்று பதில் சொன்னார். பூப்பாறை வரும்வரை நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.